மேசை மேல வச்ச கார்டு

வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கிட்டே கெடக்கட்டும், இந்தக் காலனில யாரும் தூக்க மாட்டாக. அந்தச் சேர்ல உக்காராதீக, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஆட்டோவ நிப்பாட்டி வச்சிருக்கீகளா? நிக்கட்டும், அவனுக்கு என்ன.

முனீஸ்வரியப் பத்தித்தானே கேக்க வந்தீக? வாசல்ல நின்னு வீட்டு நம்பரப் பாத்தீகள்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு. விசேச வீட்டுச் சேலையும் இல்லாம, வீட்டுல கட்டுறதும் இல்லாம, நடுத்தரமா ஒரு சேலையக் கட்டிக்கிட்டு ஒரு அம்மா தனியா வந்தா அது பொண்ணு விசாரிக்கத்தான். நானும் என் தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ள விசாரிக்க இப்பிடித்தான் போனேன். எனக்கு யாரும் இப்பிடி விசாரிக்க வரல, அது வேற கதை.

பையனுக்கு சர்வே ஆபீஸ்லயா வேலை? நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல சொந்த வீடா? ரொம்ப நல்லது. இந்தாங்க டீ. சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

அக்கா, நான் மைதானத்துல கத்திக் கத்திப் பழகுனவ. பதினாறு வருசம் ஆடுனேன், ஆறு வருசம் கோச்சா இருந்தேன். மனசுல ஒண்ணு வாயில ஒண்ணுன்னு பேச எனக்கு வராது. அவள உங்க வீட்டுக்கு எடுக்கலாமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணிக்கங்க. நடந்தத நான் சொல்றேன்.

என்னது, வாலிபாலா? யாரு சொன்னது உங்களுக்கு? வாலிபால் இல்லக்கா. இந்த ஆட்டத்துக்குப் பிடிச்ச கிரகமே அதான். தமிழ்ல எழுதுனா ரெண்டையும் கைப்பந்துன்னுதான் எழுதுறாக. எங்க டீம் மொத மொத கோப்ப அடிச்ச வருசம் பேப்பர்ல கைப்பந்துன்னு எங்க செய்தியப் போட்டு, வலைக்கு மேல பந்தத் தட்டுற எவளோ நாலு பேரு படத்தப் போட்டுட்டாக. எங்கம்மா அத வெட்டி பிரேம் போட்டு மாட்டிருச்சு. இதுல நீ எங்கடின்னு கேட்டுச்சு. பின்னால நிக்கிறேன்மா, தலை மட்டும் தெரியுது பாருன்னு சொல்லிட்டேன். சாகுற வரைக்கும் அந்தத் தலையக் காட்டித்தான் எல்லார்கிட்டயும் பெருமை பேசுச்சு.

இது ஹேண்ட்பால். கால்பந்து மாதிரி ரெண்டு பக்கமும் கோல் இருக்கும், ஆனா கையால எறியணும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேரு. பந்தப் பிடிச்சா மூணு எட்டுதான் வைக்கலாம். அதுக்குள்ள யாருக்காவது குடுக்கணும், இல்ல கோலப் பாத்து அடிக்கணும், இல்லன்னா தரையில தட்டிக்கிட்டு ஓடணும். கோலுக்கு முன்னால வளைவா ஒரு கோடு போட்டிருக்கும். அதுக்குள்ள கோல்கீப்பரத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. அதனால கோட்டுக்கு வெளிய இருந்து எம்பி, காலு தரையில படுறதுக்குள்ள அடிச்சிட்டு உள்ள போய் விழுவோம். அப்பிடி விழுந்து விழுந்துதான் என் முட்டி ரெண்டும் போச்சு.

இந்த மில்லுல அப்பப் பொம்பளைக டீம் ஒண்ணு வச்சிருந்தாக. இப்பவும் இருக்கு. பேருக்கு நூல் சுத்துற ரீலிங்ல வேலை, காலைல நாலு மணி நேரம் மெசின்ல நிக்கணும். மதியத்துக்கு மேல மைதானம். ஆடுறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளமே. நான் பத்தொம்பது வயசுல வந்தேன். நடுவுல நின்னு ஆட்டத்த நடத்துறவ நான்தான். என் கைக்கு வராம ஒரு பந்து கோலுக்குப் போகாது. நாக்பூர், ஜெய்ப்பூர்னு நான் பாக்காத ஊரு இல்ல. எல்லா ஊரும் ஒண்ணுதான், ஸ்டேஷன், ஹாஸ்டல், மைதானம், திரும்ப ஸ்டேஷன்.

அப்பக் கோச்சு சூசைமாணிக்கம் சாரு. என்னைய உருவாக்குனவரு, அத மறைக்க மாட்டேன். கடைசில சுகர் வந்து கண்ணு மங்கிருச்சு அவருக்கு. அந்தப் பக்கத்துக் கோல்ல யாரு அடிச்சான்னு தெரியாது. தவமணி, யாரும்மா போட்டதுன்னு மெதுவா எங்கிட்டக் கேப்பாரு. நான் சொல்லுவேன். ரெண்டு வருசம் அவருக்குக் கண்ணா இருந்ததே நான்தான், ஒருத்தருக்கும் தெரியாது. பெறகு எனக்கு முட்டி ஆப்பரேசன் ஆச்சு, இனிமே ஆடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அந்த மாசம் சின்ன முதலாளி எதார்த்தமாக் கேட்டாரு, சாரு எப்பிடி இருக்காருன்னு. உள்ளதச் சொன்னேன். கண்ணு தெரியலன்னு. டீமு நல்லா இருக்கணும்னுதான் சொன்னேன். மறு வாரமே சால்வ போட்டு அனுப்பி வச்சாக அவர. எனக்குக் கால் தேறுனதும் என்னையக் கோச்சாப் போட்டாக. சாரு போறப்ப எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. வயசாயிட்டா மனுசருக்குத் தொட்டதுக்கெல்லாம் கோவம் வந்துருது.

முனீசக் கேட்டீகள்ல, வர்றேன். சிவகாசில ஒரு காலேஜ்ல எறிபந்துப் போட்டி நடந்துச்சு. அங்கதான் அவளப் பாத்தேன். எலும்பும் தோலுமா ஒரு பிள்ள, பந்து மட்டும் கல்லு மாதிரி வந்து விழுகுது. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல வாட்ச்மேன். அம்மா செத்து நாலு மாசம் ஆயிருந்துச்சு அப்ப. நான்தான் போய்ப் பேசி மில்லுக்குக் கூட்டிட்டு வந்தேன். நான் பாக்கலன்னா அவ இந்நேரம் தீப்பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்திருப்பா. அத அவளே சொல்லுவா, கேட்டுப் பாருங்க.

ஆமா, நொட்டாங்கைதான். உங்க காதுக்கும் வந்துருச்சா அது? எழுதுறது எறியிறது எல்லாம் நொட்டாங்கை. பயப்படாதீக, சோறு போடுறது, விளக்கேத்துறது எல்லாம் சோத்தாங்கைலதான். அவுகம்மா இருக்கையிலயே சூடு வச்சுப் பழக்கி விட்டுருச்சு. எங்க ஆட்டத்துல அந்தக் கை கெடைக்காதுக்கா. வலது ஓரத்துல நின்னு நம்மள மாதிரி சோத்தாங்கைக்காரி எறிஞ்சா கோலு பாதிதான் தெரியும். நொட்டாங்கைக்காரிக்கு முழுசாத் தெரியும். ஒரு டீமுக்கு அப்பிடி ஒருத்தி கெடச்சா போதும். எனக்குக் கெடச்சா.

என் முட்டி ஆப்பரேசனுக்கு அப்புறம் மூணு மாசம் இதே வீட்டுலதான் இருந்தா. குளிக்க வைக்கிறது, துணி மாத்துறது, கக்கூசுக்குத் தோள்ல சாச்சுக் கூட்டிட்டுப் போறது, எல்லாம் அவதான். காலைல மில்லு, மதியம் மைதானம், பொழுது சாய வந்து எனக்குக் கஞ்சி. என் கூடப்பொறந்த தங்கச்சி ரெண்டு நாள் வந்து எட்டிப் பாத்துட்டு ஆரஞ்சுப் பழத்த வச்சிட்டுப் போயிட்டா. பாவம், அவளுக்கு ஆயிரம் சோலி. எதுக்குச் சொல்ல வர்றேன்னா, முனீச நான் அவ்வளவு பக்கத்துல வச்சிருந்தேன். என் உடம்ப அப்பிடிப் பாத்தவ வேற யாரும் கெடையாது. அவதான் எனக்கு இதப் பண்ணுனா.

நான் கோச்சா வந்ததும் ஒரு பழக்கம் கொண்டு வந்தேன். பந்து கைக்கு வந்த உடனே ஒரு தடவ பெஞ்சுப் பக்கம் பாத்திரணும். என் கையப் பாக்கணும். விரல் விரிச்சிருந்தா ஒரு ஆட்டம், மூடியிருந்தா ஒரு ஆட்டம். பாக்காம ஆடுனா அடுத்த மேட்சுல வெளிய உக்காரணும். மத்தவளுக அவசரத்துல மறந்துருவாளுக. முனீசு ஆறு வருசத்துல ஒரு தடவ கூட மறந்தது இல்ல. எவ்வளவு வேகமா ஓடுனாலும் வெட்டுன்னு ஒரு பார்வ இங்கிட்டு வந்துட்டுத்தான் போகும். அப்பெல்லாம் எனக்கு அதுல ஒரு சந்தோசம்.

இப்பச் சேலத்துக்கு வர்றேன். போன வருசம் மாசி மாசம், கம்பெனி டீமுகளுக்குள்ள பைனல். எதிர்ல ஓசூர்க் கம்பெனி டீமு. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிர்றேன், இல்லன்னா வெளங்காது. கோச்சு கையில ஒரு பச்சக் கார்டு குடுத்திருப்பாக. பந்து நம்ம பக்கம் இருக்கப்ப, ஆட்டத்த நிப்பாட்டி ஒரு நிமிசம் பிள்ளைககிட்டப் பேசணும்னா, அந்தக் கார்டக் கொண்டு போய் நேரம் பாக்குறவரு மேசை மேல வைக்கணும். வச்ச உடனே அவரு விசில் அடிப்பாரு. அதோட ஆட்டம் நின்னுரும். அதுக்கப்புறம் பந்து கோலுக்குள்ள போனாலும் அது கோல் இல்ல.

இருவத்திரெண்டுக்கு இருவத்திரெண்டு. பன்னெண்டு செகண்டுதான் பாக்கி. பந்து ஓசூர்க்காரிக கையில. அவளுக ஒருத்திக்கு ஒருத்தி குடுத்துக்கிட்டே வர்றாளுக. முனீசு எங்கிட்டு இருந்து வந்தான்னு தெரியல, நடுவுல பாஞ்சு பந்தப் பறிச்சிட்டா. பறிச்சவ ஓட ஆரம்பிச்சிட்டா. முன்னால ஒரு ஈ காக்கா கெடையாது, கோல்கீப்பர் மட்டும்தான். ஒரு தடவ தட்டுனா, ரெண்டு தடவ தட்டுனா, பழக்கம் விடுமா, பெஞ்சத் திரும்பிப் பாத்தா.

இந்த எடத்துல இன்னொன்னும் சொல்லணும். அன்னைக்கி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மெண்டு வேலைக்கு ஆள் எடுக்குற ஆபீசரு ஒருத்தரு வந்து முன் வரிசையில உக்காந்திருந்தாரு. எங்க டீம்ல என் தங்கச்சி மக அபிநயாவும் இருந்தா. நல்லா ஆடுற பிள்ளதான், அன்னைக்கி என்னமோ ஒரு கோலும் விழல அவளுக்கு. அந்த வேலை கெடச்சா என் தங்கச்சி குடும்பமே நிமிந்துரும். முனீசுக்குத்தான் மில்லுல நிரந்தர வேலை இருக்கே, அவளுக்கு என்ன கொற. ஆட்டத்த நிப்பாட்டி, கடைசிப் பந்த அபிநயா அடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு சொல்லிக் குடுத்து அனுப்பலாம்னு எனக்குத் தோணுச்சு. கோலு யாரு போட்டா என்ன, கோலு கோலுதானே? கோச்சுக்கு அந்த உரிமை இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

வச்சேனா, வைக்கப் போனேனா, அந்த நேரத்துல அதெல்லாம் எங்க தெரியுது. கையில கார்டு இருந்துச்சு, மேசை பக்கத்துல இருந்துச்சு. அங்க உக்காந்திருந்தவரு கதிரேசன்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு. முப்பது வருசமா மேசையில உக்காந்து நேரம் பாக்குறவராம். விசில் அடிச்சிட்டாரு. முனீசு கையில இருந்து பந்து கெளம்பிருச்சு, விசிலும் வந்துருச்சு, அப்புறந்தான் பந்து வலையில போய் விழுந்துச்சு. பிள்ளைக எல்லாம் ஓடிப்போய் அவளக் கட்டிப் பிடிச்சுக் கத்துறாளுக. ரெப்ரி கையாட்டுறாரு, கோல் இல்லன்னு. முனீசு மட்டும் கத்தல. அங்கயே நின்னு என்னையப் பாத்துக்கிட்டு இருந்தா.

பெறகு என்ன, ஒரு நிமிசம் குடுத்தாக, சொல்லிக் குடுத்தேன், அபிநயா அடிச்சா, கீப்பர் நெஞ்சுல பட்டுத் திரும்பிருச்சு. கூடுதல் நேரம் ஆடுனோம். ரெண்டு கோல்ல தோத்துட்டோம். அபிநயாவுக்கு வேலையும் கெடைக்கல.

ஊருக்கு வந்தா ஒரே கேள்வி. ஜெயிச்ச ஆட்டத்த எதுக்கு நிறுத்துனன்னு மில்லு மேனேஜர் கேக்குறாரு, மில்லு கேட் வாட்ச்மேன் கேக்குறான், கேண்டீன்ல இட்லி வைக்கிறவ கேக்குறா. நான் என்ன சொல்ல? நான் கார்டு வைக்கவே இல்ல, கையில வச்சிருந்ததப் பாத்து அந்த வாத்தியாரு அவசரப்பட்டு விசில் அடிச்சிட்டாருன்னு சொன்னேன். மில்லுல இருந்து ஹேண்ட்பால் சங்கத்துக்குப் புகார் எழுதுனாக. விசாரணை முடியிற வரைக்கும் மேசைக்கு வரக் கூடாதுன்னு வாத்தியார நிப்பாட்டி வச்சாக. அதுக்கு நான் பொறுப்பில்ல, சங்கம் எடுத்த முடிவு அது.

விசாரணை மதுரைல. முனீசுதான் கேப்டன், அவளையும் கூப்புட்டிருந்தாக. பஸ்ல ரெண்டு பேரும் ஒரே சீட்டுலதான் போனோம். திருமங்கலத்துல எறங்கி அவளுக்குப் பருத்திப்பால் வாங்கிக் குடுத்தேன், அவளுக்குப் பிடிக்கும்னு. ஏ முனீசு, அக்கா கார்டக் கையிலதான் வச்சிருந்தாக, மேசையில வைக்கலன்னு ஒத்த வார்த்த சொல்லிரு, போதும்னேன். அவ சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. பருத்திப்பாலக் குடிச்சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பிள்ள பேசாம இருந்தா சம்மதம்னுதானே நெனப்போம். நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.

உள்ள மூணு பேரு உக்காந்திருந்தாக. அந்த வாத்தியாரும் ஒரு ஓரமா நின்னாரு, சட்டப் பட்டன மேல வரைக்கும் போட்டுக்கிட்டு. முனீசக் கேட்டாக, நீ என்னம்மா பாத்தன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? அக்கா கார்ட மேசை மேல வச்சாக, நான் பாத்தேன். வைக்கையில அக்காவும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. இவ்வளவுதான் சொன்னா. குரல் கூட ஒசத்தல. ஏன் வச்சாகன்னு கேட்டாக. அது எனக்குத் தெரியாது, அவுக கோச்சு, அவுகளுக்கு ஒரு காரணம் இருக்கும்னா. அபிநயா விசயம் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். அதையும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? சொல்லல. பெருந்தன்மையாம்.

ஊரே கூடி நின்னு என்னையத் திருடின்னு சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்க்கா. என் ஈரத் துணியத் தொவச்சவ, எனக்குச் சோறு ஊட்டுனவ, மூணு ஆம்பளைக்கு முன்னால நின்னு என்னையக் காட்டிக் குடுத்துட்டா. நம்பி முதுகக் காட்டுனேன், குத்திட்டா. வாத்தியாரு அழுதுட்டாரு அங்கயே. அவருக்கென்ன, அவரு மேசை அவருக்குத் திரும்பக் கெடச்சிருச்சு.

என் கோச்சு வேலை போச்சு. இந்தா, இப்ப மில்லு ஹாஸ்டல்ல வார்டனாப் போட்டிருக்காக. எந்தப் பிள்ள எத்தன மணிக்கு உள்ள வந்தான்னு நோட்டுப் போடுற வேலை. ஆட்டத்த நடத்துன கை இது. இப்பக் கோச்சு யாரு தெரியும்ல? அவதான். ஆடிக்கிட்டே கோச்சாவும் இருக்கா. அதுக்குத்தானே காட்டிக் குடுத்தா? ரெண்டு தடவ வேணாம்னு எழுதிக் குடுத்தாளாம், சின்ன முதலாளி கேக்கலையாம். எல்லாம் நடிப்பு. மூணாந் தடவ ஒத்துக்கிட்டவ அன்னைக்கிச் சாயங்காலம் இங்க வந்தா. கதவத் தட்டி, அக்கா, நீங்க சொன்னாத்தான் நான் விசில எடுப்பேன்னா. நான் தொறக்கல. வெளிய படியில ரொம்ப நேரம் உக்காந்திருந்தா, பூட்டு ஓட்ட வழியாத் தெரிஞ்சுச்சு. பெறகு எந்திரிச்சுப் போயிட்டா. இந்த ஒரு வருசமா நானும் அவளும் பேசுறது இல்ல. மைதானத்துப் பக்கம் விசில் சத்தம் கேட்டா நான் ஜன்னலச் சாத்திருவேன்.

இதான் கதை. இப்பச் சொல்லுங்க, இப்பிடிப்பட்டவளையா நீங்க மருமகளா எடுக்கப் போறீக?

என்ன சொன்னீக?

உள்ளதத்தானே சொல்லியிருக்கு பிள்ளையா. சரி. நீங்களும் அவ பக்கம் சாஞ்சிட்டீக. இவ்வளவு நேரம் நாயா கத்துனேன், என் வீட்டு டீயக் குடிச்சிட்டு உள்ளதத்தானே சொல்லியிருக்குங்கிறீக. சின்ன முதலாளியும் இதே வார்த்தையத்தான் சொன்னாரு. எல்லாரும் இதே வார்த்தையத்தான் சொல்றீக.

அப்பிடின்னா இதையும் கேட்டுக்கங்க. இத என் வாயால சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, தவமணி தெரிஞ்சும் மறைச்சிட்டாளேன்னு நீங்க என்னையத்தான் ஏசுவீக. சேலத்துல பதினஞ்சு நாள் கேம்ப்பு இருந்தோம். அங்க ஒரு பையன் வீடியோ எடுக்க வருவான். பேரெல்லாம் வேணாம். மொதல்ல எல்லாரையும் எடுத்தான், பெறகு இவள மட்டும்தான் எடுத்தான். சாப்புட வந்தா அவனும் வருவான். ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணி நேரம் ஆளக் காணோம், கேட்டா கால்வலிக்கு மருந்து வாங்கப் போனேங்கிறா. மருந்து வாங்க ரெண்டு மணி நேரமா? நானும் வயசுப் பிள்ளைகள மேய்ச்சவதான், எனக்குத் தெரியாதா. இதுக்கு மேல கேக்காதீக.

என்ன, டம்ளரக் கீழ வச்சிட்டீக. குடிங்க, ஆறிப்போகுது. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிற வேணாம். நல்ல வேளை, கேட்டுட்டுச் செய்யணும்னு உங்களுக்குத் தோணுச்சே. நெறையப் பேரு விசாரிக்காம எடுத்துட்டு அப்புறம் தலையில கை வைக்கிறாக. உங்க பையன் நல்ல பையன், கவர்மெண்டு வேலை, அவனுக்குப் பொண்ணா இல்ல.

கெளம்பிட்டீகளா? சரி. பாத்து எறங்குங்க, அந்தப் படி ஒசரம். ஆமா, என் வீட்டுக்கு யாரு வழி சொன்னது? புரோக்கர் செல்லையாவா, மில்லு கேட் வாட்ச்மேனா?

யாரு?

அவளா? முனீசா சொன்னா?

எப்ப? பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாளா. என்னன்னு சொன்னா, அவ சொன்னபடிக்கே சொல்லுங்க. எனக்கு அம்மா இல்ல, என்னையப் பத்திக் கேக்கணும்னா தவமணி அக்காகிட்டக் கேளுங்க, எட்டு வருசமா என்னைய அறிஞ்சவுக அவுகதான்னா? நாங்க பேசிக்கிறது இல்லங்கிறதச் சொன்னாளா? அதையும் சொன்னாளா. கோவத்துல இருக்காக, திட்டுவாக, ஆனா என் வாழ்க்கைன்னு வந்தா பொய் சொல்ல மாட்டாகன்னா?

அவ கொழுப்பப் பாத்தீகளா. யாரக் கேட்டு என் பேரச் சொன்னா அவ?

இருங்க. போகாதீக. ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சா அடிச்சிட்டுப் போறான். ஒரு நிமிசம் உள்ள வாங்க. வேணாம்னா இங்கயே வாசல்லயே நில்லுங்க, சொல்லிர்றேன்.

அந்தப் பையன் இல்லக்கா. சேலத்துப் பையன். அப்பிடி ஒருத்தன் கெடையாது. வீடியோ எடுக்க வந்தவருக்கு அறுவது வயசு இருக்கும், மூணாம் நாளே போயிட்டாரு. அன்னைக்கி மத்தியானம் அவ மருந்து வாங்கத்தான் போனா. எனக்குத்தான் வாங்கப் போனா, என் முட்டிக்கு. நம்ம ஊரு எண்ணெய் தீந்துபோச்சு, சேலத்துல ஒவ்வொரு கடையா ஏறி எறங்கி வாங்கிட்டு வந்தா.

ஏன் அப்பிடிப் பாக்குறீக? இப்ப எதுக்கு மாத்திச் சொல்றேன்னா? யாராவது மெரட்டுனாகளான்னா? ஒருத்தரும் மெரட்டல. நான் பொய் சொன்னேன், அவ்வளவுதான். ஆத்திரத்துல வந்துருச்சு. நான் பொய் சொல்லுவேங்கிறத நீங்க நம்பணுமா? கார்ட நான்தான் வச்சேன். அவளைப் பாத்துக்கிட்டே வச்சேன். அவ கோலுக்குப் பக்கத்துல போயிட்டா, இன்னும் ஒரு எட்டுல அடிச்சிருவான்னு தெரிஞ்சுதான் வச்சேன். இத இன்னைக்கி வரைக்கும் யார்கிட்டயும் சொன்னது இல்ல, என் தங்கச்சிகிட்டக் கூட. உங்ககிட்டச் சொல்லிட்டேன். இப்ப நம்புறீகளா?

இல்ல. உங்க முகத்துலயே தெரியுது. ஒரு தடவ காதுல விழுந்துட்டா அது போகாது, அதானே? நான் கெட்டது சொன்னப்ப ஒரு கேள்வி கேக்காம டம்ளரக் கீழ வச்சீக. இப்ப இல்லங்கிறேன், அதுக்கு அத்தாட்சி கேக்குறீக. என்னக்கா ஞாயம் இது.

சரி, என்னைய நம்ப வேணாம். நேரா மைதானத்துக்குப் போங்க. ஆட்டோல ரெண்டு நிமிசம், மில்லுக்குப் பின்னால. இந்நேரம் அங்கதான் இருப்பா. தவமணி இப்பிடி இப்பிடிச் சொன்னான்னு ஒரு வார்த்த விடாமச் சொல்லுங்க, பையன் கதையையும் சேத்தே சொல்லுங்க. சொல்லிட்டு உண்மையா பொய்யான்னு அவளையே கேளுங்க. அவ பொய் சொல்ல மாட்டாக்கா. அதனாலதான் நான் அவகூடப் பேசுறது இல்ல.